ஐடிலில் தேறி, ஏற்றத்தில் விழுந்த பெட்ரோல் பம்பு: பழைய ஆக்டேவியா வி.ஆர்.எஸ். ஒன்றின் நிகழ்வு ஆய்வு

கோயம்புத்தூரில் நாங்கள் நான்கு பேர் நடத்தும் சிறிய பட்டறையில் சென்ற ஆண்டு கோடையில் நடந்தது இது. ஒரே வண்டி, ஒரே குறைக்காக எங்களிடம் இரண்டு முறை வந்தது. முதல் முறை நாங்கள் தவறவிட்டோம். அந்தத் தவறை மறைக்காமல் எழுதினால்தான் இந்த எழுத்தால் பயன் என்பதால், எங்கள் ஜாப் கார்டில் இருக்கும் எண்களையும் அப்படியே தருகிறேன். உரிமையாளர் அனுமதி தந்திருக்கிறார். அவர் பெயர் இங்கே வேண்டியதில்லை.

வண்டியும் அதன் ஆளும்

2005 மாடல் ஸ்கோடா ஆக்டேவியா வி.ஆர்.எஸ். 1.8 லிட்டர், 20 வால்வு, டர்போ பெட்ரோல். 150 குதிரைத்திறன், 210 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை. அன்றைக்கு நம் நாட்டில் இந்த விலையில் இப்படி ஓடிய செடான்கள் மிகக் குறைவு. இன்றைக்கும் நல்ல நிலையில் ஒன்று கிடைத்தால் விடாமல் வைத்திருக்கிறார்கள். இந்த வண்டி 1,42,000 கி.மீ. ஓடியிருந்தது. ரீமேப் (எஞ்சின் கம்ப்யூட்டரின் கணக்கை மாற்றித் திறன் கூட்டுவது) எதுவும் செய்யப்படவில்லை; கம்பெனி அமைப்பிலேயே இருந்தது.

உரிமையாளருக்கு முப்பத்து நான்கு வயது, மில் இயந்திரங்களைப் பராமரிக்கும் பொறியாளர். வாங்கி ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. வாரநாளில் வேறு கார். ஞாயிற்றுக்கிழமைகளில் இதை எடுத்துக்கொண்டு பொள்ளாச்சி, ஆழியாறு வழியாக வால்பாறை போய்வருவார். எப்போதாவது ஓடும் வண்டி என்பதால் டேங்க்கை நிரப்பி வைக்கும் பழக்கம் அவருக்கு இல்லை. முள் சிவப்பைத் தொட்டால் ஆயிரம் ரூபாய்க்குப் போடுவார். இது பின்னால் முக்கியமானது.

வந்த குறை

"அண்ணா, ரெண்டு எடத்துல காட்டிட்டேனுங்க. ஆளுக்கொண்ணு சொல்றாங்க. வண்டி ஏத்தத்துல மூச்சு வாங்குதுங்ணா" என்றுதான் முதல் நாள் வந்து நின்றார்.

காலை நேரத்தில் வண்டி நன்றாக ஓடும். ஊருக்குள் எந்தத் தொல்லையும் இல்லை. நாற்பது நிமிடம் ஓடி, வெயிலும் ஏறி, மலைச் சாலையில் ஆக்சிலேட்டரை முக்கால்வாசி மிதித்தால் புல்லிங் இருக்காது; ஒரு தடுமாற்றம், பிறகு மெல்ல மீளும். எஞ்சின் விளக்கு இரண்டு முறை எரிந்து அணைந்திருக்கிறது.

முந்தைய இரண்டு இடங்களில் எஞ்சினுக்குள் போகும் காற்றை அளக்கும் ஏர் ஃப்ளோ சென்சார், நான்கு இக்னிஷன் காயில்கள், பிளக்குகள் மாற்றப்பட்டிருந்தன. மொத்தச் செலவு 31,000 ரூபாய். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். ஸ்கேனரில் வந்தது பி1128, அதாவது கலவையில் பெட்ரோல் குறைவு என்ற குறியீடு. அந்தக் குறியீட்டுக்கு இந்த எஞ்சினில் பலரும் முதலில் கை வைப்பது ஏர் ஃப்ளோ சென்சாரில்தான். ஆனால் குறியீடு சொல்வது விளைவை மட்டும். பெட்ரோல் ஏன் குறைந்தது என்று அது சொல்லாது.

முதல் வருகை

முதலில் ஸ்கேனரில் 032ஆம் தொகுதியைப் பார்த்தோம். எஞ்சின் கம்ப்யூட்டர் தன் கணக்கிலிருந்து எவ்வளவு கூட்டிக் குறைத்துப் பெட்ரோல் தருகிறது என்பதை அங்கே இரண்டு எண்களாகக் காட்டும். முதலாவது ஐடிலுக்கு, அதாவது வண்டி நின்றபடி எஞ்சின் மட்டும் மெல்ல ஓடும் நிலைக்கு; இரண்டாவது ஓட்டத்துக்கு, அதாவது சுமை உள்ள நிலைக்கு. அன்று முதல் எண் +6.1, இரண்டாவது +16.4. இரண்டுமே அதிகம்.

அடுத்து புகை விட்டுக் காற்றுக் கசிவு தேடினோம். சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்துக் கொடுக்கும் இன்டேக் மேனிஃபோல்டுக்கு அடியில் போகும் பிரீதர் ஹோஸ் (எஞ்சினின் எண்ணெய் ஆவி போகும் குழாய்) கையால் தொட்டதுமே பிஸ்கட் மாதிரி உடைந்தது. இருபது வருட எண்ணெய் ஆவியில் ஊறிய ரப்பர். இந்த எஞ்சினில் அடிக்கடி காணும் குறைதான். அதை மாற்றினோம்.

எரிபொருள் அழுத்தத்தையும் அளந்தோம். ஐடிலில் 2.4 பார். அழுத்தத்தைச் சீராக்கும் ரெகுலேட்டரின் வாக்யூம் ஹோஸைக் கழற்றினால் 2.9. இருக்க வேண்டியது ஏறக்குறைய 2.5, 3.0. எஞ்சினை நிறுத்திப் பத்து நிமிடம் கழித்தும் 2 பாருக்கு மேல் நின்றது. "பம்பு சரி" என்று கார்டில் எழுதினேன். எழுதியது நான்தான்.

ஹோஸ் மாற்றிய பிறகு அறுபது கி.மீ. ஓட்டிப் பார்த்தோம். காலை நேரம், சமதளம், டேங்க் பாதிக்கு மேல். வண்டி நன்றாகவே ஓடியது. 032இல் முதல் எண் +1.4 ஆக இறங்கிவிட்டது. இரண்டாவது +14.1.

அந்த இரண்டாவது எண்ணை அன்றைக்கே நின்று யோசித்திருக்க வேண்டும். அளக்கப்படாத காற்று உள்ளே புகுந்தால் ஐடிலில்தான் அது பெரிதாகத் தெரியும். அங்கே மொத்தக் காற்றே குறைவு, கசிவின் பங்கு அதிகம். எஞ்சின் நிறைய காற்று இழுக்கும்போது அதே கசிவு சிறு துளியாகிவிடும். எனவே ஹோஸ் சரியானதும் முதல் எண் இறங்கியது இயல்பு. இரண்டாவது எண் ஏறக்குறைய அப்படியே நின்றதற்குப் பொருள், சுமையில் பெட்ரோலைக் குறைக்கும் வேறு ஏதோ ஒன்று இருக்கிறது என்பது. நாங்கள் கையில் உடைந்த ஹோஸைப் பார்த்தோம், முதல் எண் இறங்கியதைப் பார்த்தோம், மனம் அங்கேயே நிறைந்துவிட்டது. "கம்ப்யூட்டர் இன்னும் கத்துக்கலீங்க, ஓட ஓட எறங்கிரும்" என்று சொல்லி வண்டியைக் கொடுத்தோம்.

ஒன்பதாம் நாள்

அடுத்த வாரம் ஞாயிறு மதியம் ஒன்றரை மணிக்கு உரிமையாளரிடமிருந்து போன் வந்தது. வால்பாறை ஏற்றத்தில் பதினேழாவது கொண்டை ஊசி வளைவுக்குச் சற்று மேலே எஞ்சின் அடியோடு நின்றுவிட்டது. வண்டியில் மனைவியும் ஆறு வயது மகளும். வளைவு முடிந்து ஏறும் இடத்தில் நின்றதால் வண்டி பின்னோக்கி உருளத் தொடங்கியிருக்கிறது. ஸ்டீயரிங் இறுகிவிட்டது. எஞ்சின் நின்ற பின் பிரேக் பூஸ்டரில் மிச்சமிருக்கும் வாக்யூம் ஒன்றிரண்டு மிதிக்குத்தான் தாங்கும். அவர் முதல் மிதியிலேயே நிறுத்தி, கைப்பிரேக் போட்டு, சக்கரத்துக்குக் கல் வைத்திருக்கிறார். மேலிருந்து அரசுப் பேருந்து வந்திருக்கிறது. ஓட்டுநர் இறங்கிவந்து போக்குவரத்தை நிறுத்தி உதவினாராம்.

இருபத்தைந்து நிமிடம் கழித்து வண்டி எதுவுமே நடக்காதது போல ஸ்டார்ட் ஆனது. மேலே போக வேண்டாம், ஆக்சிலேட்டரைத் தொடாமல் கியரிலேயே இறங்கி ஆழியாறு வந்து நிறுத்துங்கள் என்றேன். அங்கிருந்து லாரியில் ஏற்றிக்கொண்டு வந்தோம்.

அன்று இரவு எனக்குச் சரியாகத் தூக்கமில்லை. "பம்பு சரி" என்று நான் எழுதிய கார்டை நம்பித்தான் அவர் குடும்பத்தோடு மலையேறியிருக்கிறார்.

இரண்டாம் வருகை: ஓடும் வண்டியில் அளவு

இந்த முறை எதையும் கழற்றுவதற்கு முன் ஒரு கணக்குப் போட்டோம்.

இந்த எஞ்சின் முழு மிதியில் நொடிக்கு எத்தனை கிராம் காற்று இழுக்கிறது என்பதை ஏர் ஃப்ளோ சென்சாரே சொல்லும். எங்கள் அளவில் 116 கிராம் வந்தது. அந்த எண்ணை 0.8ஆல் வகுத்தால் ஏறக்குறைய குதிரைத்திறன் கிடைக்கும்: 145. ஆக, சென்சார் சரி. குறை அங்கே இல்லை. முழுச் சுமையில் ஒரு கிராம் பெட்ரோலுக்கு 12 கிராம் காற்று என்று வைத்தால் நொடிக்கு 9.7 கிராம் பெட்ரோல் வேண்டும். மணிக்கு 35 கிலோ, லிட்டரில் 46 அல்லது 47. அதே எஞ்சினுக்கு ஐடிலில் மணிக்கு ஒரு லிட்டர் போதும். பட்டறையில் நிற்க வைத்து நாங்கள் பார்த்த அழுத்தம், எஞ்சினுக்கு முழு மிதியில் வேண்டிய பெட்ரோலில் ஏறக்குறைய ஐம்பதில் ஒரு பங்கைத்தான் சோதித்தது.

டர்போ வண்டியில் இன்னொன்றும் உண்டு. பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டரின் ஒரு பக்கம் பெட்ரோல், மறுபக்கம் மேனிஃபோல்டின் காற்று. டர்போ 0.5 பார் ஊதினால் அந்த 0.5 பார் பெட்ரோலை எதிர்த்துத் தள்ளும். அதை ஈடுகட்ட ரெகுலேட்டர் ரெயிலின் (இன்ஜெக்டர்களுக்குப் பெட்ரோல் தரும் குழாயின்) அழுத்தத்தையும் அதே அளவுக்கு உயர்த்தும். 3.0 என்பது 3.5 ஆக வேண்டும். பெட்ரோல் அதிகம் வேண்டிய அதே நேரத்தில் பம்பு கூடுதல் அழுத்தத்துக்கு எதிராகவும் தள்ள வேண்டியிருக்கிறது. டர்போ இல்லாத சாதாரண எஞ்சினில் இதே பம்பு இன்னும் ஒரு வருடம் காலம் தள்ளியிருக்கும் என்றே நினைக்கிறேன்.

எரிபொருள் லைனில் டி இணைப்பு போட்டு, நீண்ட ஹோஸில் அழுத்தம் காட்டும் கேஜை வெளியே கொண்டுவந்து, முன் கண்ணாடிக்கு வெளிப்புறம் ஒட்டினோம். பெட்ரோல் உள்ள கேஜை எந்தக் காரணத்துக்காகவும் வண்டிக்குள் கொண்டுவரக் கூடாது. அதிகாலையில் பைபாஸ் சாலைக்குப் போனோம். ஒருவர் ஓட்ட, ஒருவர் கேஜ் பார்க்க, ஒருவர் லேப்டாப்பில். டேங்கில் கால் பங்குக்கும் கீழே.

குளிர்ந்த நிலையில் மூன்றாம் கியரில் முழு மிதி: 3.3 பார். கொஞ்சம் குறைவு, ஆனால் ஓடுகிறது. ஐம்பது நிமிடம் ஓட்டிச் சூடாக்கியபின் அதே மிதி: 3,000 சுற்றில் 3.1, 3,600இல் 2.7, 4,200இல் 2.3. கேஜ் பார்த்தவர் "விடுங்க, விடுங்க" என்று கத்தினார். 020ஆம் தொகுதியில், சிலிண்டருக்குள் பெட்ரோல் கட்டுப்பாடின்றி வெடிப்பதை உணரும் நாக் சென்சார் இரண்டு சிலிண்டரின் இக்னிஷனை 7 டிகிரிக்கு மேல் பின்னுக்கு இழுத்திருந்தது.

டர்போ ஊதும் நேரத்தில் பெட்ரோல் குறைந்தால் எரிதல் வெப்பம் கூடி, பிஸ்டன் தலை உருகும் அளவுக்குப் போகலாம். அதனால் இந்தச் சோதனையை இரண்டு, மூன்று நொடிக்கு மேல் நீட்டவில்லை, திரும்பச் செய்யவும் இல்லை. பட்டறைக்கு வந்ததும் பிளக்குகளைக் கழற்றி, வெள்ளைப் பீங்கானில் அலுமினியப் பொட்டுகள் ஒட்டியிருக்கின்றனவா என்று லென்ஸ் வைத்துப் பார்த்தோம். இல்லை. கம்ப்ரஷன் நான்கிலும் சமமாக இருந்தது. அப்போதுதான் நிம்மதியாக மூச்சு விட்டேன்.

பிறகு மீதிப் பெட்ரோல் டேங்குக்குத் திரும்பும் ரிட்டர்ன் லைனைக் கழற்றி அளவு பாத்திரத்தில் விட்டு, எஞ்சினை ஓட்டாமல் பம்பை மட்டும் 30 நொடி ஓட்டினோம். குளிர்ந்திருக்கும்போது 520 மில்லி. சூட்டில் 330. எஞ்சினுக்கு முழு மிதியில் 30 நொடிக்கு வேண்டியது ஏறக்குறைய 390. உரிமையாளர் சொன்ன குறை முழுவதும் இந்த மூன்று எண்களுக்குள் இருந்தது.

ஒயரா, பம்பா

அழுத்தம் விழுகிறது என்பதாலேயே பம்பு கெட்டுவிட்டது என்று சொல்லிவிட முடியாது. மின்சாரம் சரியாகப் போகாவிட்டாலும், ஃபில்டர் அடைத்தாலும் இதே அடையாளம்தான். ஒரு முறை பட்டபின் ஒவ்வொன்றாக விலக்கினோம்.

புது ஃபில்டர் போட்டதில் மாற்றமில்லை. பம்புக்கு மின்சாரம் விடும் 409ஆம் எண் ரிலேயை நன்றாக ஓடும் இன்னொரு வண்டியின் ரிலேயோடு மாற்றினோம், மாற்றமில்லை. எஞ்சின் ஓடும்போது பேட்டரியில் 13.7 வோல்ட், பம்பின் கனெக்டரில் 13.1. வரும் ஒயரில் 0.35, எர்த் பக்கம் 0.25 வோல்ட் இழப்பு. இருபது வருட வண்டிக்கு இது நல்ல நிலை. மின்சாரம் போய்ச் சேருகிறது.

28ஆம் ஃபியூஸ் இடத்தில் சிறு ஒயர் வளையம் வைத்துக் கிளாம்ப் மீட்டரில் ஏம்பியர் பார்த்தோம். குளிரில் 7.2. சூட்டில் 9க்கும் 10க்கும் இடையே ஆடியது. அதிக மின்சாரம் குடித்துக் குறைந்த பெட்ரோல் தரும் மோட்டார் உள்ளே எங்கோ உரசுகிறது, அல்லது தேய்ந்திருக்கிறது.

இங்கே ஊர் கைகொடுத்தது. மோட்டாரும் பம்பும் செய்தே பிழைத்த ஊர் எங்களுடையது. எங்கள் தெருவிலேயே மோட்டார் காயில் கட்டும் பெரியவர் ஒருவர் இருக்கிறார். அவருடைய மகன் மின்சார அலையைத் திரையில் காட்டும் ஒரு கையடக்க ஆசிலோஸ்கோப் வைத்திருந்தார். அதை இணைத்துப் பார்த்தபோது, மோட்டாரின் சுழலிக்கு மின்சாரம் வாங்கிக் கொடுக்கும் கம்யூட்டேட்டரின் எட்டுப் பட்டைகளுக்கு எட்டு மேடுகள் வர வேண்டிய இடத்தில், ஒவ்வொரு சுற்றிலும் ஒரு மேடு பள்ளமாக விழுந்திருந்தது. எட்டு மேடுகளுக்கு 17 மில்லிநொடி. நிமிடத்துக்குச் சுமார் 3,500 சுற்று. பெரியவர் திரையைப் பார்த்துவிட்டு, "ஒரு பட்டை செத்துருச்சுங்க கண்ணு. அந்தப் பட்டைல போய் நின்னுச்சுன்னா எந்திரிக்காது" என்றார். வளைவில் வண்டி நின்றதும், ஆறிய பின் எழுந்ததும் அந்தச் சொல்லில் புரிந்தது.

எந்தப் பம்பைப் போடுவது

நான்கு வழிகள் இருந்தன. பழைய வண்டியிலிருந்து கழற்றிய பம்பு. 3,500 ரூபாய்க்குப் பெயர் தெரியாத மோட்டார் வாங்கி பழைய கூட்டுக்குள் பொருத்துவது. கம்பெனிக்குச் செய்து கொடுக்கும் தயாரிப்பாளரின் முழுத் தொகுப்பு, 17,000 ரூபாய் சுமார். மணிக்கு 255 லிட்டர் தள்ளும் பந்தயப் பம்பு.

உரிமையாளரின் மனம் நான்காவதில் இருந்தது. நாளைக்கு ரீமேப் செய்தாலும் தாங்கும் என்பது அவர் எண்ணம். நாங்கள் வேண்டாம் என்றோம். ரீமேப் செய்து 190 குதிரைத்திறன் எடுத்தாலும் எஞ்சினுக்கு வேண்டியது மணிக்கு 60 லிட்டரைத்தான் தொடும். மீதி முழுவதும் எஞ்சின் அறையின் சூட்டை வாங்கிக்கொண்டு டேங்குக்கே திரும்பும். டேங்கில் எப்போதும் பெட்ரோல் குறைவாக வைக்கும் ஒருவருக்கு இது நல்லதல்ல. கூடுதல் ஏம்பியரும் அந்தப் பழைய ஒயரில்தான் ஓடியாக வேண்டும். பழைய வண்டியிலிருந்து கழற்றிய பம்பு எத்தனை வருடம் ஓடியது என்று யாருக்கும் தெரியாது. அதை மலைச் சாலை வண்டியில் போட எனக்கு மனம் வரவில்லை.

முழுத் தொகுப்பையே தேர்ந்தெடுத்ததற்கு இன்னொரு காரணம், பழைய கூட்டுக்குள் இருக்கும் நெளிந்த ஹோஸும் பெட்ரோலை வடிக்கும் அடிவலையும். 2023 பிப்ரவரியில் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் நம் நாட்டில் விற்பனைக்கு வந்தது; இந்த வண்டி செய்யப்பட்ட காலத்தில் யாரும் அதை மனதில் வைத்து ரப்பரைத் தேர்ந்திருக்க மாட்டார்கள். மோட்டாரை மட்டும் மாற்றுகிறவர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று: டேங்குக்குள் மூழ்கிக் கிடக்கும் ஹோஸ் தனி ரகம். வெளியே போடும் பெட்ரோல் ஹோஸுக்கு உட்புறம்தான் பெட்ரோலைத் தாங்கும், மேல்தோல் தாங்காது. அதை வெட்டி உள்ளே போட்டால் சில மாதத்தில் இளகி, கழன்று, புதுப் பம்பு டேங்குக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கும். ரூபாய் நூறு மிச்சம் பிடிக்கப்போய் மூன்று வண்டி இப்படி எங்களிடம் வந்திருக்கிறது.

மாற்றிய நாள்

டேங்கில் கால் பங்குக்குக் கீழே இருக்கும்படி பார்த்துக்கொண்டோம். வண்டியைக் கூரைக்கு வெளியே, நான்கு கதவும் திறந்து நிறுத்தினோம். ஃபியூஸைப் பிடுங்கி எஞ்சின் தானாக நிற்கும்வரை ஓட்டி அழுத்தத்தை இறக்கி, பேட்டரி நெகட்டிவைக் கழற்றினோம். பக்கத்தில் தீயணைப்பான்; போன்கள் எல்லாம் அலுவலக மேசையில். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. பின் சீட்டின் கால் வைக்கும் பள்ளத்தில் குளம் மாதிரி தேங்கி நிற்கும், கண்ணுக்குத் தெரியாது. சாதாரண மின்விசிறியை வைத்து அதை விரட்டலாம் என்று நினைக்கக் கூடாது. அந்த மோட்டாரின் பொறியே போதும்.

பின் சீட்டின் அடிப்பகுதியைத் தூக்கினால் மூடி. அதைச் சுற்றியுள்ள மண்ணை முதலில் உறிஞ்சி எடுத்தோம், இல்லையென்றால் டேங்குக்குள் விழும். நீலக் குறி உள்ளது ரிட்டர்ன், மற்றது போகும் லைன். இருந்தாலும் படம் எடுத்து, நூல் கட்டி அடையாளம் வைத்தோம். பிளாஸ்டிக் வளையம் இருபது வருடம் அசையாதது. இரும்பு உளியை அருகில் கொண்டுவராமல் மரக்கட்டையும் பித்தளைத் தண்டும் வைத்துச் சுற்றிலும் கொஞ்சம் கொஞ்சமாகத் தட்டித் திருப்பினோம். முக்கால் மணி நேரம் ஆனது.

பழைய ரப்பர் சீலை எடுத்த சில நிமிடத்தில் அது ஊதிப் பெரிதாகிவிடும். திரும்ப அதே பள்ளத்தில் உட்காராது. அதனால் புது சீல் கையில் இல்லாமல் இந்த வேலையைத் தொடங்கவே கூடாது. பெட்ரோல் முள்ளை இயக்கும் மிதவைக் கம்பி வளையாமல் தொகுப்பைச் சாய்த்து எடுத்தோம். அடிவலை பழுப்பு நிறச் சேற்றால் பாதி மூடியிருந்தது. டேங்கின் அடியில் ஒரு தேக்கரண்டி அளவுக்கு அதே சேறு. மீதிப் பெட்ரோலை எடுத்துவிட்டு, நூல் உதிராத துணியால் துடைத்த பின்தான் புதியதை இறக்கினோம்.

முள் பாதியில் நின்றது

ஸ்டார்ட் ஆனது, அழுத்தம் வந்தது, கசிவில்லை. ஆனால் எங்கள் பட்டறையில் பம்பைத் தொட்டால் பெட்ரோலைப் பத்துப் பத்து லிட்டராக ஊற்றி முள்ளைப் பார்ப்பது வழக்கம். முதல் பத்து லிட்டருக்கே முள் பாதிக்கு மேலே போய் நின்றது. திரும்பக் கொஞ்சம் எடுத்தோம்; இறங்கவில்லை.

மூடியின் மேலுள்ள அம்புக்குறி டேங்கின் குறிக்கு நேராக இருக்க வேண்டும். வளையத்தை இறுக்கும்போது தொகுப்பும் சேர்ந்து விரற்கடை அளவு திரும்பியிருந்தது. உள்ளே மிதவைக் கம்பி டேங்க் சுவரில் முட்டி மாட்டிக்கொண்டது. மீண்டும் திறந்து, ஒருவர் மூடியை அழுத்திப் பிடிக்க மற்றவர் வளையம் திருப்பி, இன்னொரு புது சீல் போட்டு முடித்தோம். இதைக் கவனிக்காமல் அனுப்பியிருந்தால், பாதி டேங்க் இருக்கிறது என்று நம்பி அவர் மலையில் வறட்டுப் பம்பை ஓட்டியிருப்பார்.

பழைய பம்பின் உள்ளே

கழற்றிய பம்பை இரண்டு நாள் வெளியே உலரவைத்து, பெரியவர் கைரம்பத்தால் அறுத்துக் கொடுத்தார். எட்டுப் பட்டைகளில் ஒன்று கருகிக் குழிந்திருந்தது. பிரஷ் இரண்டில் ஒன்று நகக்கண் அளவுக்குத் தேய்ந்திருந்தது. சுழலியின் ஓரங்களில் நுண்ணிய கீறல்கள்.

அடைபட்ட வலை வழியாக இழுக்கத் திணறும் பம்பு அதிக மின்சாரம் எடுக்கும், சூடாகும். அந்தச் சூட்டை வாங்கிக்கொள்வது சுற்றியிருக்கும் பெட்ரோல்தான். டேங்கில் நாற்பது லிட்டர் இருந்தால் அந்தச் சூடு ஒன்றுமில்லை. ஐந்தாறு லிட்டர் மட்டும் இருந்தால், எஞ்சின் அறையிலிருந்து சூடாகித் திரும்பும் பெட்ரோலும் சேர்ந்து அந்தக் கொஞ்சமே மீண்டும் மீண்டும் சுற்றும். இதை உரிமையாளரிடம் அறுத்த பம்பைக் காட்டியே சொன்னோம். அவர் அதைக் கையில் வைத்துத் திருப்பிப் பார்த்துக்கொண்டே இருந்தார். "ஆயிரம் ரூவாய்க்குப் போட்டுப் போட்டு நானே கெடுத்துருக்கேனுங்ளா?" என்றார். அது மட்டும் காரணமில்லை, வயதும் ஒரு காரணம் என்றோம். அதுதான் உண்மையும்.

அதன் பின்

புதுப் பம்பில் 30 நொடிக்கு 880 மில்லி; சூட்டிலும் 850. மின்சாரம் 5.9 ஏம்பியர், ஆட்டமில்லை. திரையில் எட்டு மேடுகளும் ஒரே உயரம், 11 மில்லிநொடி. அதே பைபாஸில் அதே மூன்றாம் கியரில் முழு மிதியில் 3.5 பார், 5,500 சுற்று வரை விழவில்லை. நாக் சென்சார் இழுப்பு எங்கும் 2 டிகிரியைத் தாண்டவில்லை. 400 கி.மீ. கழித்து 032இல் +0.8, +2.3.

வண்டியைக் கொடுப்பதற்கு முன் நானே மே மாத மதியத்தில் டேங்கில் கால் பங்கு மட்டும் வைத்து வால்பாறை ஏறினேன். ஒன்பதாம் வளைவில் இருக்கும் காட்சி முனையில் நிறுத்தி, சூட்டோடு அணைத்து, மறுபடி எடுத்தேன். பதினேழாவது வளைவைத் தாண்டும்போது கை தானாக ஸ்டீயரிங்கை இறுக்கிப் பிடித்தது. நாற்பது வளைவுகளும் ஏறி முடிந்தது.

முதல் வருகையின் கூலியைத் திருப்பிக் கொடுத்தோம். அவர் வேண்டாம் என்றார், நாங்கள் கேட்கவில்லை. லாரிச் செலவும் எங்களுடையது. ஆறு மாதம், 4,200 கி.மீ. கழித்து வந்தபோது இரண்டாவது எண் +2.6. ரீமேப் பற்றி இப்போது அவர் பேசுவதில்லை.

மாற்றிக்கொண்டவை

"பம்பு சரி" என்ற வரியை ஜாப் கார்டிலிருந்தே எடுத்துவிட்டோம். அந்த இடத்தில் இப்போது மூன்று கட்டங்கள்: ஐடில் அழுத்தம், சூட்டில் சுமையோடு அழுத்தம், 30 நொடி அளவு. மூன்றும் நிரம்பாமல் யாரும் முடிவு எழுதக் கூடாது. டர்போ வண்டியென்றால் ஊதும் அழுத்தத்தையும் பக்கத்தில் எழுதி, கூட்டி வரவேண்டிய எண்ணையும் முன்கூட்டியே குறித்துவிடுகிறோம். ஓடும்போது கேஜைப் பார்ப்பவர் எந்த எண்ணில் கத்த வேண்டும் என்பதை அப்போதே தெரிந்திருப்பார்.

032இன் இரண்டு எண்களையும் வேலைக்கு முன்னும் பின்னும் தனித்தனியாக எழுதுகிறோம். ஒரு குறையைச் சரிசெய்த பின், வாடிக்கையாளர் சொன்ன அதே சூழலில், அதாவது அதே வெயில், அதே ஏற்றம், டேங்கில் அதே அளவு என்று ஓட்டிப் பார்க்காமல் வண்டியைத் தருவதில்லை. மலைச் சாலைக் குறையைக் காலை ஆறு மணிக்குச் சமதளத்தில் சோதித்தது எங்கள் பெரிய பிழை.

பத்து வருடம் தாண்டிய வண்டி எது வந்தாலும், குறை இல்லாவிட்டாலும், பம்பின் ஏம்பியரை ஒரு முறை அளந்து கார்டில் குறித்துவைக்கிறோம். இரண்டு நிமிட வேலை. இந்த வண்டிக்கு 5.9 என்று எழுதியிருக்கிறது. அடுத்த முறை 7 வந்தால் அவர் மலையேறுவதற்கு முன்பே அழைத்துச் சொல்லிவிடலாம்.